கணினிக்குக் கைவைத்தியம்

வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் சுக்கை இழைத்துப் பற்றுப் போடச் சொல்வார். மற்றொருவர் ஆவி பிடிக்கச் சொல்வார். கணினி பழுதானாலும் இன்று இதே கதைதான். திரை இருண்டுவிட்டது என்று இணையத்தில் தேடினால் போதும், நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான பரிந்துரைகள் வந்து குவிகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால், சுக்குப் பற்று பலிக்காவிட்டால் தலைவலி தொடரும், அவ்வளவுதான். கணினிக்குச் சொல்லப்படும் தவறான கைவைத்தியமோ சரியாக இருந்த பகுதியையும் கெடுத்துவிடக்கூடும். ஓராண்டு உழைத்துத் தயாரித்த செயல்திட்டமும் குடும்பப் படங்களும் அதனுடன் போய்விடலாம்.

இந்தத் தொல்லை புதியதன்று. 2001ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் போர்த்துகீசிய மொழியில் ஒரு மின்னஞ்சல் பரவத் தொடங்கியது. சில வாரங்களில் அது ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் உலகைச் சுற்றி வந்தது. “உங்கள் கணினியில் ஒரு நச்சுநிரல் ஒளிந்திருக்கிறது. எந்தத் தடுப்பு மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குறிப்பிட்ட நாள் வந்ததும் அது விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். இப்பொழுதே தேடிப் பாருங்கள். இருந்தால் உடனே அழியுங்கள். உங்களுக்குத் தெரிந்த அனைவருக்கும் சொல்லுங்கள்” என்பதே அதன் சாரம். தேட வேண்டிய கோப்பின் பெயர் எஸ், யூ, எல், எஃப், என், பி, கே என்ற ஏழு எழுத்துகளால் ஆனது. வாயில் நுழையாத பெயர், விநோதமான சின்னம். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. உண்மையில் அது விண்டோஸ் 98 இயங்குதளத்துடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வழங்கிய கோப்பு. நீண்ட கோப்புப் பெயர்களைப் பாதுகாத்து மீட்டுத் தருவதே அதன் வேலை.

அடுத்த ஆண்டில், அதாவது 2002இல், அதே நாடகம் வேறு வேடத்தில் அரங்கேறியது. இம்முறை குற்றவாளியாக நிறுத்தப்பட்ட கோப்பின் பெயர் ஜே, டி, பி, ஜி, எம், ஜி, ஆர். (கடைசி மூன்று எழுத்துகளைக் கண்டு நம்மவர்கள் புன்னகைக்கலாம், அவை ‘மேலாளர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.) அந்தக் கோப்பின் சின்னம் ஒரு சிறிய சாம்பல் நிறக் கரடிப் பொம்மை. கணினிக்குள் யாரோ ஒரு கரடிப் பொம்மையை ஒளித்து வைத்திருப்பதைக் கண்டால் யாருக்குத்தான் திடுக்கென்றிராது? அதுவும் விண்டோஸின் சொந்தக் கோப்புதான். ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர் பிழைகளைக் கண்டறிய அது உதவியது. இருப்பினும் பலர் அதை அழித்தார்கள். அழித்த கையோடு நண்பர்களையும் எச்சரித்தார்கள்.

படித்தவர்களும் ஏன் ஏமாந்தார்கள்? அந்த மின்னஞ்சல் தன்னை மெய்ப்பிக்கும் சான்றைத் தன்னுடனேயே கொண்டு வந்தது. “தேடிப் பாருங்கள், இருக்கும்” என்றது, தேடினால் இருந்தது. எல்லாக் கணினிகளிலும் இருக்கும் ஒரு கோப்பு உங்கள் கணினியிலும் இருந்ததில் என்ன அதிசயம்? இப்படி எண்ணிப் பாருங்கள்: “உங்கள் வீட்டுக் கதவின் ஓரத்தில் இரண்டு மூன்று இரும்புத் துண்டுகள் இருக்கும். அவை திருடன் பொருத்திய கருவிகள். உடனே கழற்றி எறியுங்கள்” என்று ஒருவர் சொல்கிறார். போய்ப் பார்த்தால் இரும்புத் துண்டுகள் இருக்கத்தான் செய்கின்றன. அவை கதவின் கீல்கள் என்பதை அறியாதவர் கழற்றிவிடுவார். கதவு சாய்ந்து விழுந்த பிறகுதான் உண்மை புரியும். நல்லவேளையாக, மேற்சொன்ன இரு கோப்புகளும் பெரும்பாலோருக்கு அன்றாடம் தேவைப்படாதவை. அழித்தவர்கள் தப்பித்தது அதனால்தானே தவிர, அறிவுரை நல்லது என்பதனால் அன்று.

இவை மின்னஞ்சல் வழியே பரவிய புரளிகள். ஆயினும், நாம் சந்திக்கும் தவறான அறிவுரைகளில் பெரும்பாலானவை நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது அரிசி வைத்தியம். கைப்பேசி நனைந்துவிட்டால் அரிசிப் பானைக்குள் புதைத்து வை என்பது நம் நாட்டில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒலித்திருக்கும் ஆலோசனை. அரிசி எப்போதும் கைவசம் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் உதவிக் குறிப்பு ஒன்று செய்தியானது. ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், அரிசியின் நுண்துகள்கள் கருவியைப் பழுதாக்கலாம் என்று அக்குறிப்பு வெளிப்படையாகக் கூறியது. மாறாக, இணைப்புத் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொன்னது. குறைந்தது 30 நிமிடம் கழித்தே மின்னேற்ற முயல வேண்டும், முழுதும் உலர ஒரு நாள்வரை ஆகலாம் என்றும் குறிப்பிட்டது. முடி உலர்த்தியைக் கொண்டு சூடேற்றுவதும் துளைக்குள் பஞ்சையோ காகிதத்தையோ நுழைப்பதும் கூடாதாம்.

அப்படியானால், அரிசியில் வைத்த கைப்பேசி பல வேளைகளில் பிழைத்துக்கொண்டது எப்படி? இங்கேதான் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நினைத்துக்கொள்ள வேண்டும். அரிசியில் புதைத்தவர் அந்தக் கைப்பேசியை ஓரிரு நாள் தொடாமல் இருந்தார். மின்சாரம் பாயவில்லை. நீர் தானாகவே ஆவியாகி வெளியேறியது. மேசைமேல் வைத்திருந்தாலும் அது நடந்திருக்கும். ஆனால், புகழ் முழுவதும் அரிசிக்குப் போயிற்று. அரிசியில் வைத்தும் பிழைக்காத கைப்பேசிகளைப் பற்றி யாரும் காணொலி எடுத்துப் போடுவதில்லை. பலித்தவர்கள் பேசுகிறார்கள், பலிக்காதவர்கள் புதிய கைப்பேசி வாங்கப் போய்விடுகிறார்கள். நமக்குக் கேட்பது ஒரு தரப்பின் குரல் மட்டுமே.

ஜொகூரில் வாழ்வோருக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெய்த பெருமழையில் பத்து பகாட், சிகாமட், குளுவாங் எனப் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பத்து பகாட் வட்டாரத்தில் பல நாள்களாகியும் நீர் வடியவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டில் மடிக்கணினி நனைந்துவிட்டால் முதலில் செய்யத் தோன்றுவது என்ன? ‘வேலை செய்கிறதா, பார்ப்போம்’ என்று பொத்தானை அழுத்துவதுதான். அதைத்தான் செய்யக் கூடாது. தூய நீரைவிட வெள்ளநீர் ஆபத்தானது. அதில் உப்புகளும் சேறும் கரைந்திருக்கும். ஆகவே அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். நனைந்த மின்சுற்றில் மின்சாரம் பாயும்போது குறுக்குச்சுற்று ஏற்படலாம். உலோகத் தடங்களும் விரைவாக அரித்துப் போகும். நீர் காய்ந்த பிறகும் உப்புப் படிவு அங்கேயே தங்கி, அரிப்பைத் தொடரும். அரிசியோ வெயிலோ அந்தப் படிவை அகற்றாது. கருவியைத் திறந்து, அதற்குரிய திரவத்தால் கழுவித் துடைக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. நனைந்த கருவியைத் தொடுமுன் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். ஒன்று மட்டும் ஆறுதல். மின்சாரம் பாய்ச்சாமல் விட்டால், மடிக்கணினியே போனாலும் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளை மீட்கும் வாய்ப்பு பெரும்பாலும் இருக்கும். அவசரப்பட்டு இயக்கிப் பார்ப்பவர் அந்த வாய்ப்பையும் இழக்க நேரலாம்.

இன்னொரு வகை அறிவுரை உண்டு. அது பொய்யும் அன்று, தற்செயலாகப் பலித்ததும் அன்று. ஒரு காலத்தில் முற்றிலும் சரியாக இருந்தது. பழைய கணினிகளின் வன்தட்டு, சுழலும் தட்டுகளால் ஆனது. ஒரே கோப்பு பல துண்டுகளாகத் தட்டின் பல இடங்களில் சிதறிக் கிடந்தால், அதைப் படிக்கும் முனை அங்குமிங்கும் அலைய வேண்டியிருக்கும். கணினி மெதுவாகும். துண்டுகளை ஒன்று சேர்த்து அடுக்கினால் வேகம் கூடும். ஆகவே, ‘அடிக்கடி துண்டுகளை ஒருங்கிணையுங்கள்’ என்று அன்று சொன்னார்கள். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது அசையும் உறுப்பு எதுவுமற்ற திடநிலைச் சேமிப்பகம். அதில் எந்த மூலையில் இருக்கும் துண்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எடுக்கலாம். அடுக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. அதற்கு எழுதும் தாங்குதிறனும் வரம்புடையது. வீணாக எழுதி எழுதி அடுக்குவது அதன் ஆயுளைத்தான் குறைக்கும். தேவையான பராமரிப்பை இன்றைய விண்டோஸ் தானே செய்துகொள்கிறது. எனினும், பழைய அறிவுரை இணையத்தில் அப்படியே கிடக்கிறது. பாலுக்கு காலாவதித் தேதி இருப்பதுபோல் கணினி அறிவுரைக்கும் ஒரு தேதி ஒட்டினால் நன்றாயிருக்கும்.

பழுதான வன்தட்டை உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உயிர்பெறும் என்பதும் அவ்வாறே பல்லாண்டுகளாகச் சுற்றிவரும் வைத்தியம். குளிர்ந்த உலோகத்தை நம் நாட்டின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்தால் போதும்.

சரி, ‘இந்தக் கோப்பை அழியுங்கள்’ என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது என்று முடிவு செய்துவிடலாமா? அங்கும் ஒரு சிக்கல் உள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் நண்பகல் கடந்து சில நிமிடங்களில், உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி முடங்கத் தொடங்கின. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய புதுப்பிப்பில் இருந்த பிழையே காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிறுவனங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் எனப் பல நாடுகளில் பணிகள் நின்றன. நம் நாட்டில் ஏர்ஏசியா பயணிகள் கையால் பதிவு செய்யப்பட்டு விமானம் ஏற வேண்டியிருந்தது.

அன்று சொல்லப்பட்ட சரியான தீர்வு என்ன தெரியுமா? கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, குறிப்பிட்ட உறைக்குள் சென்று, 291 என்ற எண்ணைப் பெயரில் கொண்ட ஒரு கோப்பை அழித்துவிடுவது! கரடிப் பொம்மை மின்னஞ்சல் சொன்னதுபோலவே ஒலிக்கிறது, இல்லையா? மைக்ரோசாஃப்ட்டோ, தன் அஷூர் மேகச் சேவையில் இயங்கிய கணினிகளைத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்து பார்க்கலாம், சிலருக்கு 15 முறைவரை தேவைப்பட்டது என்றது. கேட்பதற்கு இதுவும் கைவைத்தியம் போலத்தான் இருக்கிறது. ஆனால், இவற்றுக்குக் காரணம் இருந்தது. பழுதான கோப்பு எது என்பது தெரிந்திருந்தது. மறுதொடக்கத்தின்போது, கணினி முடங்குவதற்குமுன் திருத்தப்பட்ட கோப்பு வந்து சேர ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கோளாறு யாருடைய மென்பொருளில் நேர்ந்ததோ அந்த நிறுவனமே தன் பெயரில் தீர்வை வெளியிட்டது. எந்தக் கணினிகளுக்கு இது பொருந்தும் என்பதையும் வரையறுத்தது. அந்த மென்பொருள் பெரும்பாலும் நிறுவனங்களில் பயன்படுத்தப்படுவது. வேறு காரணத்தால் நீலத் திரை கண்ட வீட்டுக் கணினிக்கு இத்தீர்வு பொருந்தாது. தேடினாலும் அந்தக் கோப்பு அங்கே இருக்காது.

ஆகவே, ஓர் அறிவுரை விசித்திரமாக ஒலிக்கிறதா என்பதை வைத்து அதை எடைபோட முடியாது. சொல்பவர் யார், எந்தக் கருவிக்கு, எந்தப் பதிப்புக்கு, ஏன் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறதா என்பதே அளவுகோல். இவற்றுள் ‘ஏன்’ என்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். காரணத்தை விளக்கத் தெரியாதவர் சொன்ன தீர்வு அவருடைய கணினியில் பலித்திருக்கலாம். உங்கள் கணினியின் நோய் வேறாக இருக்கலாம். காய்ச்சல் டெங்கியாலும் வரும், சளியாலும் வரும். அதுபோல, கணினி மெதுவாவதற்குச் சேமிப்பிடம் நிறைந்திருப்பது, காற்றாடியில் தூசு அடைத்து உள்ளே சூடேறுவது, சேமிப்பகம் பழுதடையத் தொடங்குவது எனப் பல காரணங்கள் உள்ளன. கடைசியாகச் சொன்னது காரணமாயின், ‘வேகமாக்கும்’ மென்பொருளைப் பதிவிறக்கிக்கொண்டு காலம் கடத்துவதைவிட அன்றைக்கே கோப்புகளைப் படியெடுத்து வைப்பதே அவசரத் தேவை.

கிரவுட்ஸ்டிரைக் நிகழ்வின்போது வேறொன்றும் நடந்தது. மக்கள் பதற்றத்தில் தீர்வு தேடுகிறார்கள் என்பதை அறிந்த குற்றவாளிகள், ‘உடனடித் தீர்வு’ என்ற பெயரில் தீநிரல் அடங்கிய கோப்புகளைப் பரப்பினார்கள். அந்த நிறுவனமே இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. பழுதைச் சரிசெய்கிறேன் என்று வரும் வலை அத்துடன் நிற்கவில்லை. 2024 முதல் ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று பாதுகாப்பு வல்லுநர்கள் பெயரிட்டுள்ள ஏமாற்று முறை பரவிவருகிறது. திரையில் ஒரு போலிப் பிழைச்செய்தி தோன்றும். அல்லது நீங்கள் மனிதர்தானா என்று சோதிப்பதுபோல் ஒரு பெட்டி வரும். ‘சரிசெய்ய, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள், உள்ளிடு விசையைத் தட்டுங்கள்’ என்று மூன்றே படிகள். ஒட்டப்படுவது என்னவென்று பார்க்காமல் தட்டுபவர், கடவுச்சொல் திருடும் நிரலைத் தம் கையாலேயே கணினிக்குள் அழைத்துக்கொள்கிறார். பூட்டை உடைக்க வேண்டிய தேவையே திருடனுக்கு இல்லை. 2025இல் டிக்டாக் காணொலிகளிலும் இதே தந்திரம் காணப்பட்டது. கட்டண மென்பொருளை இலவசமாக இயக்கலாம் என்று கூறி, கட்டளை ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். அவற்றுள் ஒரு காணொலியை ஏறக்குறைய ஐந்து இலட்சம் முறை பார்த்திருந்தார்கள். பார்வை எண்ணிக்கை உண்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இத்தகைய வலையில் சிக்கிவிட்டால் வெட்கப்பட்டு மறைப்பதால் பயனில்லை. கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். சைபர்செக்யூரிட்டி மலேசியா நிறுவனம் நடத்தும் சைபர்999 உதவி மையத்தில் புகார் அளிக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனடியாக 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடுகிறது.

மக்கள் ஏன் கடைக்குப் போகாமல் இணையத்தில் தேடுகிறார்கள் என்று கேட்பது எளிது. பழுதுபார்க்கப் பணம் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே கணினி. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய வேலை இருக்கும். இந்த நெருக்கடியில் இலவச அறிவுரையை நாடுவதில் தவறில்லை. தவறு, ஒன்று பலிக்கவில்லை என்றதும் இரண்டாவது, மூன்றாவது என்று அடுத்தடுத்து எல்லாவற்றையும் செய்து பார்ப்பதில் இருக்கிறது. பத்து வைத்தியம் பார்த்த பிறகு, முதலில் இருந்த நோய் எது, வைத்தியத்தால் வந்த நோய் எது என்று தொழில்நுட்பருக்கே புரிவதில்லை. எதைச் செய்வதற்கு முன்பும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அது பயன் தராவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். திருப்ப முடியாத மாற்றத்தை முதலில் செய்யவே கூடாது.

மாணவர்களே, பல வீடுகளில் நீங்கள்தாம் கணினி மருத்துவர்கள். “தம்பி, இது என்னவோ கேட்கிறது, கொஞ்சம் பார்” என்று தாத்தா கைப்பேசியை நீட்டும்போதும், “பாப்பா, புலனத்தில் யாரோ இப்படிச் செய்யச் சொல்கிறார்கள்” என்று அத்தை காட்டும்போதும், நீங்கள் சொல்வதை அவர்கள் அப்படியே நம்பிச் செய்வார்கள். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லாமல், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் படித்துப் பாருங்கள். பிழைச்செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பெயர், மாதிரி எண், இயங்குதளப் பதிப்பு ஆகியவற்றோடு அதைத் தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் தேடுங்கள். அதிலும் விளங்காமல் கடைக்கே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால், ஒரு துண்டுத் தாளில் சில வரிகள் எழுதிக் கொடுங்கள்: கோளாறு எப்போது தொடங்கியது, அதற்குமுன் புதிதாக என்ன நிறுவப்பட்டது, கீழே விழுந்ததா, நனைந்ததா, இதுவரை என்னென்ன செய்து பார்த்தோம். கடைசி வரியை எழுதத்தான் பலரும் தயங்குவார்கள். பழுதுபார்ப்பவர் முதலில் படிக்க விரும்புவது அந்த வரியைத்தான்.